பெட்டி சரியில்லை

மார்ச் 3, ஞாயிறு

மகள் அனுப்பிய ஹோம் தியேட்டர் வந்து இறங்கிவிட்டது. மொத்தம் ஆறு அட்டைப்பெட்டி. ஐந்தை ஒரு கையால் தூக்கி வைத்தேன். ஆறாவதைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதுதான் சப்வூஃபர், கும்மென்று பேஸ் சத்தம் போடும் பெட்டி. கல்யாணமாகிப் போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் அப்பாவுக்குப் பொழுதுபோக வழி பண்ணுகிறாள். போனில் கேட்டதற்கு, "கைக்குழந்தையா இருக்கப்போ பேஸ் கேட்டாத்தான் நான் அழுகைய நிறுத்துவேனாமே, அம்மா சொல்லியிருக்காங்க. அதான்ப்பா" என்றாள்.

அது எந்தப் பெட்டி, யார் செய்த பெட்டி என்பதையும் அவள் அம்மா சொல்லியிருப்பாளா? நான் கேட்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று. முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் கட்டி மேய்ப்பவனுக்கு இது எம்மாத்திரம்? ஒயரெல்லாம் சுவரோரமாக, கண்ணுக்கே தெரியாது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "தூசி எப்படித் தட்டுறது?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 9, சனி

பேஸ் பெரிய தொல்லையாக இருக்கிறது. சோபாவின் இந்த முனையில் எனக்கு நெஞ்சில் இடிக்கிறது. அந்த முனையில் இவளுக்கு ஒன்றுமே இல்லை. "குண்டு வெடிச்சப்போ உங்க மூஞ்சிதான் மாறுச்சு. எனக்கு ஏதோ கதவு சாத்தின மாதிரி இருந்துச்சு" என்கிறாள்.

ஆடியோ கடைக்காரரிடம் கேட்டேன். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள், ஏதாவது பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போங்கள், எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள் என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லையாம், உலகமே இப்படித்தான் செய்கிறதாம்.

ஐம்பத்தாறு வயதில் தவழ்ந்தேன். டிவிக்குப் பின்னால் பாதி உடம்பு நுழைந்திருந்தபோது இவள் துடைப்பத்தோடு வந்தாள்.

"என்னத்தத் தொலைச்சீங்க?"

"பேஸ தேடுறேன்."

"அது சோபாவுல உக்காந்திருக்கு, எந்திரிங்க."

முழங்கால் இரண்டும் சிவந்ததுதான் மிச்சம். டிவிக்கு இடப்பக்கம் வைத்தால் எனக்கு நன்றாக இருக்கிறது, வலப்பக்கம் வைத்தால் அவளுக்கு. "ரெண்டு வச்சிடுங்க சார், சண்டையே வராது" என்கிறார் கடைக்காரர். கடையில் பார்வைக்கு வைத்திருந்த அதே மாடல் ஒன்று இருக்கிறதாம்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு என்றதும் எங்கெங்கோ போய்விட்டது மனசு.

அன்றைக்கும் பேஸ் பெட்டி இரண்டுதான் செய்தோம். நானும் உளியும். உளி என்றால் என் மச்சான், இவளுடைய அண்ணன், அதற்கெல்லாம் முன்னால் படிக்கும்போது என் பெஞ்ச்காரன். தச்சு வேலை. அவன் எனக்கு வைத்த பெயர் கரண்டு. தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தபிறகும் டேய் கரண்டுதான். அவன் அம்மா அதட்டினால், "சரிங்க கரண்டு" என்பான்.

என் ஆஸ்பத்திரி ட்யூட்டி போக, இருவருமாகச் சவுண்ட் சர்வீஸ் தொடங்குவதாக ஏற்பாடு. மரம் அவன் பொறுப்பு, ஒயர் என் பொறுப்பு. எங்கள் பழைய வீட்டின் ஒற்றை அறையில்தான் பெட்டிகள் உருவாயின. சோற்றில் மரத்தூள், பால் புட்டியில் மரத்தூள். மூடியை ஒட்டிவிட்டுப் பசை காயும்வரை கனத்துக்கு எதையாவது வைக்கவேண்டும். செங்கல் வைத்தால் பலகை கீறிவிடும் என்று உளி இவளை ஏற்றி உட்காரவைத்தான். மடியில் எட்டு மாதக் குழந்தை. "ஆடாம இரு, ரெண்டு மணி நேரம்" என்றான். பெட்டிக்குள் இருந்து பேஸ் காற்று வெளியே வரும் ஏழு அங்குலக் குழாய்த் துளைக்கு அவன் பட்ட பாடு இருக்கிறதே, அரைநூல் கூடிவிட்டது என்று ஒரு முழுப் பலகையைத் தூக்கிப் போட்டான்.

அறை சின்னது. ஒரு பெட்டியைத்தான் வைக்க முடியும். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். பாத்திரங்கள் அலமாரியில் நகர்ந்தன. அழுதுகொண்டிருந்த குழந்தை கப்பென்று நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. உளி தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவன் எங்கள் வாசல்படி மிதித்து இருபத்துமூன்று வருடமாகிறது. மகள் கல்யாணத்துக்கு வந்தான். தன் கையால் செய்த நகைப்பெட்டியைக் கொடுத்தான். என்னிடம், "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ள" என்றான். சாப்பிடாமல் போய்விட்டான்.

மார்ச் 16, சனி

இரண்டாவதும் வந்தது. டிவிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. போட்டால் — பேஸே இல்லை. ஒன்று இருந்தபோது வந்ததில் கால்வாசி கூட இல்லை. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்தால் தகர டப்பா. நாள் முழுக்க நகர்த்தி நகர்த்தித் தரையெல்லாம் கோடு.

கடைசியில் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஒயர்லாம் நான் பாத்துட்டேன் சார். ஒயர்ல ஒண்ணுமில்ல. நீங்க குடுத்த பெட்டி சரியில்ல. எவன் செஞ்சானோ."

காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவள் சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"இத நீங்க முன்னாடியே ஒரு தடவ சொல்லியிருக்கீங்க" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

கடைக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றினார், குனிந்தார், இரண்டாவது பெட்டியின் பின்னால் நகக்கண் அளவு ஒரு ஸ்விட்சைத் தள்ளினார், நிமிர்ந்தார். அவ்வளவுதான். வீடு நிறைந்தது. சமையலறையில் டம்ளர் ஒன்று தானாக நகர்ந்து இன்னொன்றில் இடித்தது. "ஆ, இப்போ வருது" என்று உள்ளேயிருந்து இவள் குரல்.

"கடையில வர்றவங்க நோண்டிவிட்ருப்பாங்க சார். ஒண்ணு காத்த முன்னால தள்ளுது, இன்னொண்ணு அதே நேரம் பின்னால இழுக்குது. ஒண்ண ஒண்ணு தின்னுடும். தனியா போட்டா தெரியவே தெரியாது. பழைய செட்டுல ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தாலும் இதேதான்."

அவர் டீ குடித்தார். நான் குடித்தேனா என்று நினைவில்லை.

எழுதிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. எங்கள் முதல் ஆர்டர். அறுநூறு பேர். சிவப்புக் கறுப்பு ஒயர் பாதியில் தீர்ந்துபோய் இரண்டாவது பெட்டிக்கு வெறும் கறுப்பு இரட்டை ஒயர் போட்டேன். அதிலும் ஒரு இழையில் சன்னமாக ஒரு வரி ஓடும், கட்டைவிரலால் தடவினால் எது ப்ளஸ், எது மைனஸ் என்று தெரியும். எப்போதும் தடவிப் பார்ப்பவன்தான். அன்றைக்கு மேடையில் மைக் டெஸ்டிங் என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அவசரம். உளி பக்கத்தில் நின்று கேட்டான், "டேய், இதுல எது ப்ளஸ்ஸு?" நான் சொன்னேன், "நீ மரத்தப் பாரு, ஒயர நான் பாத்துக்கறேன்."

அன்றுதான் முதன்முதலாக இரண்டும் சேர்ந்து பாடின. பாடினவா? தகர டப்பா. மேனேஜர் மேடை ஏறி வந்து, "பெட்டிக்குள்ள என்ன தலகாணியா வச்சிருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உளியைக் கைகாட்டி, மைக் பக்கத்தில் நின்றுகொண்டு, "பெட்டி செஞ்சவனக் கேளுங்க" என்றேன். அது அறுநூறு பேருக்கும் கேட்டது.

அவன் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நானும் விட்டுவிட்டேன். என் ஒயர்மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன். நான்தானே. நான்தானே அது.

மார்ச் 18, திங்கள்

ட்யூட்டியில் இன்று மூன்று கனெக்‌ஷன் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். இப்போது பார்த்து என்ன?

மார்ச் 21, வியாழன்

இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். இருபத்துமூன்று வருடம் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தவள். ஒரு நாள் என்னைத் திட்டியதில்லை. இன்றாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா பெட்டி செஞ்சேன்?" என்றாள்.

என் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழம அண்ணன் பட்டறையிலதான் இருப்பாங்க. ரெண்டு பஸ் மாறணும்" என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

போனேன். கல்யாணப் பேச்சுக்குப் போனபோதுகூட இத்தனை பயம் இல்லை.

பட்டறையில் அவன் மட்டும் இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, இல்லை, பாதி மரத்தூள். "வாங்க மாப்பிள்ள" என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அந்த 'வாங்க' என்னை என்னவோ செய்தது. நான் உட்காரவில்லை. ஒயரைப் பற்றிச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பாதியில் அழுதுவிட்டேன்.

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"அந்தத் தொள அளவ எத்தன தடவ கணக்குப் போட்டிருப்பேன் தெரியுமா? வீட்ல எல்லாரும் சாப்புட்டுக்கிட்டிருப்பாங்க, நான் பேப்பர்ல கணக்குப் போட்டுட்டிருப்பேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம போச்சே. அப்புறம் பெட்டியே செய்யல. கதவு, ஜன்னல், கட்டில். அளவுல தப்பு வந்தாலும் தெரியாத வேலையாப் பாத்து செஞ்சேன்."

அன்றைக்கு மைக்கில் நான் சொன்னதை அவன் நம்பியிருக்கிறான். என்மேல் கோபத்தில் இருப்பான் என்றே இத்தனை வருடம் நினைத்தேன். அவன் கோபமெல்லாம் தன் கைமேல்.

"உன் பெட்டி சரிடா. முதல்லேர்ந்தே சரி" என்றேன்.

அவன் மெஷினைப் போட்டு ஒரு பலகையை உள்ளே தள்ளினான். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 30, சனி

உளியிடமிருந்து ஒன்றும் இல்லை. இவள் போன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் தூக்குகிறேன். பரண்மேலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கித் துடைத்து வைத்தேன். விளக்கு எரிகிறது. எதற்கு இறக்கினேன் என்று இவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கீழே ஹாரன். எட்டிப் பார்த்தால் மினி லாரி. பின்னால் போர்வை போர்த்திய இரண்டு பெட்டிகள். பக்கத்தில் உளி, காதில் பென்சில்.

"பாத்துட்டு நிக்காதீங்க, ஒரு கை பிடிங்க" என்றான். மாடிப்படி வளைவில் ஒரு பெட்டி சுவரில் உரசியதும், "டேய், மூலையப் பாருடா" என்றான். சொன்னதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் அந்தப் படியிலேயே ஒரு நிமிடம் நின்றேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டிகளில் ஒரு விரிசல் இல்லை. உள்ளே இருந்த ஸ்பீக்கர்தான் இற்றுப் போயிருந்ததாம், அவனே புதிது வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். மகளின் சப்வூஃபர் இரண்டையும் ஓரம் கட்டினோம். ஆம்ப்ளிஃபயரை வைத்தேன். ஒயரை எடுத்தேன்.

வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கினான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டைவிரலால் ஒயரைத் தடவி வரியைத் தேடினான்.

"நீ மரத்தப் பாரு. ஒயர நான் பாத்துக்கறேன்" என்றான்.

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பெட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவள் ஈரக்கையோடு வந்து ஒரு பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாட்டு முடிந்தது. "திருப்பிப் போடு" என்றான். மூன்று தடவை போட்டோம்.

பிறகு மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். துளைக் கணக்கு. கசக்கி ஜன்னல் வழியே போட்டான். "கீழ யாராச்சும் கூட்டணுமில்ல?" என்று தங்கையிடம் திட்டு வாங்கினான்.

மத்தியானம் இங்கேதான் சாப்பிட்டான். சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டான்.