சார் படிக்காமல் போட்ட கையெழுத்து

அக்டோபர் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று உன் அம்மா கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்கள். உனக்குக் கையுறை பின்னி அனுப்பப் போகிறார்களாம். அவர்கள் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் முழங்கால்வரை தொங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? மனசைத் திடப்படுத்திக்கொள்.

என் சேதி ஒன்றுதான். முனைவர் பட்டத்துக்கு மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். அதே பல்கலைக்கழகம், அதே மண்ணியல் துறை, உன் வழிகாட்டியிடமேதான். போன வருடம் இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். உனக்கு இடம் வந்தது, எனக்கு 'வருந்துகிறோம்' என்று இரண்டு வரி வந்தது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். ஆங்கிலத் தேர்வுச் சான்று ஜனவரியோடு காலாவதியாகிறது. அப்பாவும், "இதோட முடிச்சுக்கோம்மா, ஸ்கூல்ல டீச்சர் வேலை காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

என் ஆய்வுத் திட்டத்தை இணைத்திருக்கிறேன். சிவப்பு மையைத் தாராளமாகச் செலவழி. அப்படியே, போன வருடம் நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று உன் வழிகாட்டியிடம் நைசாகக் கேட்டுச் சொல். மதிப்பெண்ணில் நான்தானே உன்னைவிட ஒரு படி மேலே? பொறாமை இல்லையடி, புரியவில்லை. போனில் கேட்டால் நீ பேசிப் பேசியே மழுப்பிவிடுவாய். அதனால்தான் இந்த மின்னஞ்சல் கடிதம்.

உன்
மண்ணாங்கட்டி


அக்டோபர் 13

என் செல்ல மண்ணாங்கட்டிக்கு,

மண்ணைச் சலித்துச் சலித்துத் தலைமுடியெல்லாம் புழுதியாக நீ ஆய்வகத்திலிருந்து வந்த அன்று நான் வைத்த பெயர். அதில் நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

உன் திட்டத்தில் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. உப்பு எப்படி மேல்மண்ணுக்கு ஏறி வருகிறது என்பதை இங்கே இருப்பவர்கள்கூட இவ்வளவு தெளிவாக எழுதவில்லை. இரண்டாம் பக்கத்து வாக்கியங்களை மட்டும் உடைத்துப் போட்டிருக்கிறேன், படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

நான் இருக்கிறேன். அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஆய்வகத்தில் எல்லோரும் என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைக்கிறார்கள். அது ஒரு தலைவலி.

நீ கேட்டதை விசாரித்தேன். உன் மதிப்பெண்ணிலும் திட்டத்திலும் ஒரு குறையும் இல்லையாம். நம் கல்லூரியில் நமக்கு ஆய்வு சொல்லிக்கொடுத்த சாரின் சிபாரிசுக் கடிதம்தான் சுரத்தில்லாமல் இருந்ததாம். இந்த முறை வேறு யாரிடமாவது வாங்கிவிடேன். சாரிடம் போய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே. பாவம், ஓய்வுபெறப் போகிறவர்.

அன்புடன்
வாயாடி


அக்டோபர் 21

அன்புள்ள வாயாடிக்கு,

கேட்காதே என்றாய். மூன்று நாள் பொறுத்தேன், நான்காம் நாள் கேட்டுவிட்டேன். நேரே அவர் அறைக்குப் போனேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேர் நோட்டைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷம் உங்ககிட்ட மாடா உழைச்சேன் சார். என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுத உங்களுக்கு மனசு வரலையா?"

சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நான் அப்படி எழுதியிருக்க மாட்டேனேம்மா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுதியிருந்தா மன்னிச்சுக்கோ" என்றார்.

அப்பா வயது மனிதர், பிள்ளைகள் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபமும் ஆறவில்லை, வீட்டுக்கு வந்தால் சோறும் இறங்கவில்லை. அவரைத் தவிர என் ஆய்வைக் கூடவே இருந்து பார்த்தவர் வேறு யார்? வேறு யாரிடம் போய் நிற்பேன்?

நான் கேட்டது நியாயம்தானே? நியாயம்தான் என்று ஒரு வரி எழுது.

உன்
மண்ணாங்கட்டி


அக்டோபர் 24

மண்ணாங்கட்டி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் சிபாரிசுக் கடிதத்தை எழுதியது சார் இல்லை. நான்.

போன நவம்பரில் என்னைக் கூப்பிட்டார். "எழுதுறது உனக்குக் கைவந்த கலையாச்சே. ரெண்டு பேருக்கும் நீயே அடிச்சுட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். வேலை அதிகமானால் அவர் அப்படிச் செய்வது உண்டு, உனக்குத் தெரியாது. என்னுடையதை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். உன்னுடையதற்கு உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அங்கே இருப்பது ஒரே ஒரு இடம். உன்னைப் பற்றி உள்ளபடி எழுதினால் அது உனக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது. 'சொன்ன வேலையைச் சரியாகச் செய்வார். தகுந்த மேற்பார்வை இருந்தால் முன்னேறுவார்' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சார் என்மேல் வைத்த நம்பிக்கையில், படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதோடு விடாமல், இந்த மாதம் பழியையும் அவர் தலையில் போட்டேன். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று படித்ததிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சாருக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

வாய்க்கு வந்தபடி திட்டு. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

வாயாடி


நவம்பர் 2

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே சாரிடம் போனேன். வாசலிலேயே நின்று, "தப்பாப் பேசிட்டேன் சார்" என்றேன். "படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பும்மா, உள்ளே வா" என்றார். கம்ப்யூட்டரில் போன வருடத்துக் கடிதங்கள் இரண்டையும் தேடித் திறந்தார். இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

என்னுடையது ஆறு வரி. நீ சொன்னதுதான், அதில் புதிதாக எனக்கு ஒன்றும் இல்லை.

பிறகு உன்னுடையதைப் படித்தேன். மண் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் கசிந்து ஆய்வே நின்றுபோனபோது, சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்து அடைத்தவர் இவர்தான் என்று இருந்தது. மின்விசிறிக் காற்றில் தராசு ஆடுவதைக் கண்டுபிடித்து, அட்டைப்பெட்டியால் மூடி, நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளையும் முதலிலிருந்து எடைபோட்டவர் இவர்தான் என்றும் இருந்தது. அந்த இடத்தில் சார் படிப்பதை நிறுத்தச் சொன்னார். நான் அந்த டியூபை வாங்கப் போனபோது என்னோடு கடைக்கு வந்தவரே சார்தானே. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. உனக்காக நாங்கள் இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்காக எழுதிய சிபாரிசில் பொய் இல்லை என்று சொல்லியிருந்தாய். உனக்கு எழுதிக்கொண்டதிலும் பொய் இல்லையடி. ஆள்தான் வேறு.

சார் புதிதாக எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உன் சிபாரிசுக் கடிதத்தில் உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த முறை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டார். இன்று காலை விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டோம்.

அது உன் வழிகாட்டியின் மேசைக்குத்தான் வரும். போன வருடம் படித்த அதே கடிதம் வேறு பெயரில் வந்திருக்கிறதே என்று அவர் உன்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். நான் அங்கே இருக்க மாட்டேன். எது யார் செய்த வேலை என்று நீ அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன்னோடு படித்தவள்