ஏலக்காய் மணத்த துவக்கு

இன்று காலையில் ரவையை வறுக்கப் போட்டுவிட்டு, போனில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கக் கருகல் மணம். சட்டியை இறக்கும்போது, "வந்திட்டியளோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. நீங்கள் போய் மூன்று வருடம். என் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் துவக்குச் சுட்டுப் பழகுகிற ரேஞ்சிலிருந்து வரும்போது உங்கள் ஜக்கெட்டில் இதே மணம்தான் இருக்கும். லண்டன் ஹரோவில் மற்றவர்களின் புருஷன்மார் கிரிக்கெட் என்றும் கோயில் கமிட்டி என்றும் திரிந்தார்கள். எனக்கு வாய்த்தவர் துவக்குச் சுடப் போனார். சண்டைக் காலத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த மனிதர், இங்கே வந்து கிளப்பில் சேர்ந்து, பொலிஸிடம் லைசன்ஸ் எடுத்து, சொந்தத் துவக்கு வைத்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? என் அக்கா, "அவருக்கு என்ன விசரே?" என்றுதான் கேட்டாள்.

வாங்கியதும் வாங்கினீர்கள், ஒழுங்கான ஒன்றை வாங்கினீர்களா? அது ஒரு கிழட்டுத் துவக்கு. அதற்குரிய தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. வேறு துவக்கில் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் பித்தளைக் கோதுகளை எடுத்து, குண்டு வைக்காமல், கொஞ்ச வெடிமருந்துக்கு மேல் ரவையை நிரப்பி, மெழுகால் வாயை அடைத்துச் சுடுவீர்கள். வெடிக்கிற வேகத்தில் கோது உப்பி, உங்கள் துவக்கின் உள் அளவுக்கு அப்படியே வந்துவிடும். பிறகுதான் அந்தக் கோதில் உண்மையான தோட்டா செய்யலாம். "இனி இது வேறை ஒரு துவக்குக்கும் சரிவராது, தெரியுமே?" என்று ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து காட்டுவீர்கள்.

"அதுக்கு ஏன் என்ரை ரவை? அரிசிமா சரிவராதே?"

"ரவைதான் பதம். நீர் உம்மடை சமையலைப் பாரும்."

என் சமையலைத்தானே நீங்கள் அள்ளிக்கொண்டு போனீர்கள்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லைசன்ஸ் புதுப்பிக்கிற வருடம் வந்தது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியைப் பார்த்து, மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்பார் என்று நீங்களே சொன்னீர்கள். சொல்லியிருக்கக் கூடாது. நான் முடிவெடுத்துவிட்டேன். எனக்கு விருப்பமில்லை என்று சொல்லப்போகிறேன். ஊரில் பார்த்த துவக்குகள் போதும், படிக்குக் கீழே இன்னொன்று எதற்கு? அந்த இங்கிலிஷ் வசனத்தை ஒரு கிழமையாகப் பாத்திரம் கழுவிக் கழுவிப் பாடமாக்கினேன். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

அவர் காலையில் வரவிருந்த அதே திங்கட்கிழமை, பின்னேரம் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. லட்டுப் பிடிக்கச் சனிக்கிழமையே ரவையை வறுத்து, சீனியும் ஏலக்காய்த் தூளும் கலந்து பழைய பிஸ்கற் தகர ரின்னில் வைத்திருந்தேன். திங்கள் காலை நெய்யை உருக்கிக்கொண்டு ரின்னைத் திறந்தால், பாதிதான் இருக்கிறது.

"இஞ்சாருங்கோ! ஆர் இதிலை கை வைச்சது?"

நீங்கள் துவக்குக் குழலுக்குள் துணி விட்டு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வெறும் ரவை எண்டெல்லே நினைச்சன். சுட்ட உடனை பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரன், ஆரோ கேக் சுடுகினமோ எண்டு கேட்டவன். குழலுக்குள்ளை சீனி பாகாப் போச்சு. நேற்றையிலையிருந்து தேய்க்கிறன், போகுதில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா கோது நல்ல வடிவா வந்திருக்கு" என்றீர்கள்.

"சரஸ்வதிக்குப் படைக்கிறதைச் சுட்டுப்போட்டு வந்து, கோது வடிவோ?"

நான் அகப்பையோடு நிற்க, வாசல் மணி அடித்தது.

வந்தவர் நெடுத்த மனிதர். சிரிப்பு என்ற சாமானே அவரிடம் இல்லை. துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்தார். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தரம் மணந்தார். "இது ஏலக்காயா?" என்று கேட்டார். நீங்கள் அவசரமாக லைசன்ஸ் கடுதாசியைத் தேடி எடுத்தீர்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, கணவர் துவக்கு வைத்திருப்பதில் எனக்கு ஏதும் மறுப்பு உண்டா என்று கேட்டார்.

வசனம் நாக்கு நுனியில் நின்றது. அதற்குத் தோதாகக் கோபமும் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது உங்களைப் பார்த்தேன். லைசன்ஸ் கடுதாசியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி நின்றீர்கள். ஊரில் ஆமிக்காரனின் காவலரணில் அடையாள அட்டையை அப்படித்தான் பிடிப்பீர்கள். இப்போது சொந்த வீட்டுக்குள் அதே மாதிரி நிற்கிறீர்கள். பொலிஸ்காரரைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. எனக்குப் பொறுக்கவில்லை.

துவக்கைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை, என் ரவையைப் பற்றித்தான் முறைப்பாடு என்று தெரிந்த இங்கிலிஷில் சொல்லி ரின்னை நீட்டினேன். அவர் ரின்னைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். இரும்புப் பெட்டியையும் பார்த்தார். "இதையும் அதற்குள் வைத்துப் பூட்டுங்கள், மேடம்" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. அவர் போனதும் நீங்கள் எனக்குச் சட்டம் படிப்பித்தீர்கள்: "அது ஏலாது. பெட்டித் திறப்பு லைசன்ஸ்காரனிட்டை மட்டும்தான் இருக்கலாம், உமக்குத் தரேலாது."

அன்று சரஸ்வதிக்கு நெல்லிக்காய் அளவு லட்டுத்தான் கிடைத்தது. "என்ரை மனிசி எண்டா மனிசி! பொலிஸுக்கு முன்னாலை என்னை விட்டுக் குடுக்கேல்லை" என்று வருடக்கணக்காக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தீர்கள். நான் அந்தப் புகழை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய இருந்தேன் என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறேன். கோபிக்காதேயுங்கோ.

நீங்கள் போன பிறகு துவக்கை ஒரு வியாபாரி முறைப்படி வந்து, உடைத்து அழிக்கக் கொண்டுபோனார். கோதுகளை மட்டும் திருப்பித் தந்தார். வேறெந்தத் துவக்குக்கும் சரிவராது, தனக்கு உதவாது என்றார். எனக்கு அது தெரியும் என்றேன். இரும்புப் பெட்டியைக் கழற்ற யாராலும் ஏலவில்லை. அதற்குள் இப்போது என் ரவை ரின்தான் இருக்கிறது. திறப்பை ஒரு கோதோடு சேர்த்துக் கோத்து, கடைக்குப் போகும்போதும் கைப்பையில் கொண்டு திரிகிறேன். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் மறக்காமல் பூட்டுகிறேன்.

இன்றைக்குச் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, புது ரவையால் ரின்னை நிரப்பி உள்ளே வைத்தேன். பூட்டவில்லை. நாளைக் காலை திறக்கும்போது அது பாதியாக இருந்தால், சத்தியமாக உங்களை ஏச மாட்டேன்.