சங்கு ஊதும் நேரம்

ஆப்பியா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சியோசிக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். நீங்கள் அனுப்பிய காலணி பெரியவனுக்கு இப்போதே கடிக்கிறது. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதி, நாளை ஆக்லாந்து வரும் உங்கள் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் மருத்துவமனையில் நடக்கும் கூட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

அன்று உங்கள் கம்பெனி சார்பில் திரையில் தோன்றிப் பேசப்போவது நீங்கள்தானாம். எங்கள் மருத்துவமனைக் கணினிகளைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதையும் உங்கள் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டு, என் கணினிப் பிரிவில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இயக்குநர் சிரித்துக்கொண்டே, "மெஷினே எல்லாத்தையும் பாத்துக்கும் திரேசா, உனக்கு எதுக்கு இத்தனை ஆளு?" என்றார்.

நான் அதற்கு விரோதி இல்லை. போன வாரம் பழுதாகப் போகும் கணினி வட்டு ஒன்றை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னது. கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆக்லாந்து மாலை. இங்கே நம் தீவில் மாலைப் பிரார்த்தனைச் சங்கு ஊதியதும் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று அதற்கு யார் சொன்னது? சோதனை ஓட்டத்தின்போது ஒரு மாலையில் சங்கு ஊதியதும் மருத்துவமனைத் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைவற்றுப் போயின. கணினி உறைந்துவிட்டது என்று அதுவே முடிவு கட்டி, யாரையும் கேட்காமல் அணைத்துப் போட்டது. நீங்கள் இந்த ஊர்க்காரர். ஊரை விட்டுப் போனதும் சங்கு காதில் விழாமல் போய்விட்டதா?

சங்குக்குச் சற்று முன் பிரசவ அறையிலிருந்து ரத்தம் கேட்டு மருத்துவர் அனுப்பிய கோரிக்கை அதோடு மறைந்துவிட்டது. வெகுநேரம் ரத்தம் வராததால் செவிலியர் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். நடந்தது அப்போதுதான் தெரிந்தது. அங்கே படுத்திருந்தது உங்கள் தங்கை மரேட்டா. இப்போது தேறிவிட்டாள், பெண் குழந்தை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குச் சொல்லிடாதீங்க அண்ணி, அவர் வேலைக்கே ஆபத்தாயிடும்" என்றாள். இதோ, நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இயக்குநரிடம் என் முடிவைச் சொல்லிவிட்டேன். முதலில் அது பார்க்கட்டும், பார்த்ததைச் சொல்லட்டும், எங்களில் ஒருவர் சரி என்ற பிறகு செய்யட்டும். தப்பு நடந்தால் உடனே சரிசெய்துகொள்ளக் கூடிய சின்ன வேலைகளை மட்டும் தானாகச் செய்ய விடலாம். நோயாளியைத் தொடும் எதையும் இப்போதைக்கு விடமாட்டேன். எங்கள் பழக்கவழக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க அந்த நான்கு பேரும் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் என் நாற்காலியில் அதையே உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதனையில் யாருக்கும் பாதிப்பில்லை என்று நீங்கள் சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டேன். விவரம் தெரியாமல் எழுதிய பேச்சு என்றே நம்புகிறேன். இப்போது தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லி உங்கள் வேலை போனால் போகட்டும். என் சம்பளத்தில் கொஞ்ச நாள் ஓட்டலாம், வீட்டில் இடம் இருக்கிறது.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வந்து வைத்தால்தான் ஆயிற்று என்று மரேட்டா பிடிவாதமாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்ல முடியாவிட்டால் பெயரை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

கடவுள் உங்களுக்குத் துணிவு தரட்டும்.

உங்கள்
திரேசா