குழம்புக்கு ஒரு தேங்காய்

ஜூன் 2, திங்கள்

போன் வாங்கி ஒரு வாரம். படம் இருநூறைத் தாண்டிவிட்டது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே பதினெட்டு வருஷமாகத் தேங்காய் விற்கிறேன். ஆட்கள் தேங்காய் அடிக்கிற அழகை இப்போதுதான் நிறுத்திவைத்துப் பார்க்க முடிகிறது. எறிகிற நேரத்தில் யார் முகமும் அவரவர் முகமாக இல்லை. ஆபீசர் பல்லைக் கடிக்கிறார். கல்யாணப் பெண் நாக்கைத் துருத்துகிறாள். ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்லிக்கொடுத்தது ஜெஸ்லின் – சாலைக் கடைத்தெருவில் போன் கடையில் நிற்கிற பெண், தினமும் என் பலகையைத் தாண்டி வேலைக்குப் போகிற நம் ஞானபாயின் வீட்டுக்காரருக்கு அக்கா மகள்.

செண்பகவல்லி, உனக்கு வேறு வேலை இல்லையா? இல்லை.

ஜூன் 5, வியாழன்

அடி வாங்கியிருப்பேன். ஒரு வெள்ளை வேட்டிக்காரர், பக்கத்தில் ஒரு பெண். படம் எடுத்ததும் நேரே என் பலகைக்கு வந்துவிட்டார். "ஆரோட சோதிச்சிட்டு எடுத்தது? மாயிக்கணும் சேச்சி, இப்போ!" யாரைக் கேட்டு எடுத்தேனாம், உடனே அழிக்கணுமாம், மலையாளத்தில் கத்தினார். கை ஓங்கியேவிட்டது. அழித்துக் காட்டினேன். "சாரே, முகம் நல்லா இருந்தாத்தானே எடுப்பேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்துப் பூக்கடை ஐயப்பன் சொன்னார்: "எவனாவது ஒருத்தன் இந்த போனை ரோட்டுல அடிச்சு உடைப்பான் பாரு, உன் தேங்கா மாதிரி."

உடைக்கட்டும். சிதறினதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஜூன் 17, செவ்வாய்

ஞானபாயின் வீட்டுக்காரர் ஜெபசிங் கொத்தனார் கரமனையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகிற வழியில் ஞானபாய் பலகை அருகே வந்து நின்றாள். "எக்கா, அவியளுக்குக் கால் விரலு அசையல."

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. அவர்கள் வேதக்காரர்கள். பத்து வருஷமாக நான் நீட்டுகிற கோயில் அப்பத்தை அவள் ஒரு நாளும் வாங்கினதில்லை. "உங்க கர்த்தர் என்ன, எண்ணிக்கிட்டா இருக்காரு? தின்னுட்டி" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். இன்று நான் நீட்டவே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

நாளை கொத்தனாருக்கு ஆபரேஷன். ஞானபாய் வந்து ஒரு தேங்காய் கேட்டாள்.

"எதுக்குட்டி?"

"குழம்புக்குக்கா."

ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளுக்கு என்ன குழம்போ. தட்டிப் பார்த்து நல்லதாகக் கொடுத்தேன். அவள் ஹோட்டல் பக்கம் போகவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து, நேரே தேங்காய் அடிக்கிற இடத்துக்கே போய்விட்டாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எறிந்த வேகத்தில் முந்தானை நழுவியது. கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்து – என்ன முகம்! எடுத்துவிட்டேன். ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டேன். "எங்க ஞானபாய் அடிச்ச அடியில பிள்ளையாரே எழும்பிட்டாரு." கூடவே ஆறு சிரிப்புப் பொம்மை.

ஜூன் 28, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். சாயங்காலம் ஜெஸ்லினிடமிருந்து ஒரு வரி: "இது எங்க மாமிதானே?"

ஆமா என்று போட்டு இன்னொரு சிரிப்புப் பொம்மை அனுப்பினேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஜெஸ்லின் படத்தை அவர்கள் சபை குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். ஆமா என்று போட்டேனே, மடைச்சி. நான் அழித்து என்ன? இனி அது ஊரார் போனில். கட்டிலைச் சுற்றி ஜெபம்பண்ண வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது வருவதில்லை. கொத்தனாரிடமே யாரோ காட்டியிருக்கிறார்கள். ஹோட்டலில் கூட வேலை செய்கிற மங்கலம்தான் சொன்னாள். "எனக்காக முழங்காலு போட உனக்கு வீட்டுல இடமில்லையா? கல்லுகிட்டயா போன?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவள் கையால் கஞ்சி குடிக்கவில்லையாம்.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலைப் பிடிக்கக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேனேக்கா, குழம்புக்குன்னு."



ஏ செண்பகம், உனக்கு அன்னைக்கே புரியலையா? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருந்துக்கோக்கான்னுதானே அவ அப்படிச் சொன்னா? மூணாங்கிளாஸ் படிச்சவளுக்கு அதுகூடவா புரியாது? அந்த வேட்டிக்காரன் ஓங்கின கை அன்னைக்கே விழுந்திருக்கணும்.

ஜூலை 12, சனி

கொத்தனாரை அவர் அக்கா மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞானபாயைக் கூப்பிடவில்லை. ஜெஸ்லின் கடைக்குப் போய், உன் மாமியையும் சேர்த்துக்கச் சொல்லுடி என்று கெஞ்சினேன். "நான் பொய்யா அனுப்பினேன்? போட்டோ எடுத்தது ஆரு?" என்றாள். கடையில் நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

படம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஞானபாய் இப்போது ரோட்டின் அந்தப் பக்கமாகப் போகிறாள். மழை இல்லை, வெயிலும் இல்லை, குடை விரித்திருக்கிறாள். குடை என் பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெஸ்லின் ஸ்டேட்டஸில் கொத்தனார்! சபை வாசலில், ஊன்றுகோலோடு எழுந்து நிற்கிறார். அக்கா, அக்கா வீட்டுக்காரர், பிள்ளைகள், பாஸ்டர் – சுற்றிலும் எல்லாரும். ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. நிற்க இடமில்லாத கூட்டம். பதினோரு மணி இருக்கும், குடையை மடக்கிக்கொண்டு ஞானபாய் வந்து நின்றாள்.

"எக்கா, அவிய நடக்காவளாமே. ஜெஸ்லின் என்னைய பிளாக் பண்ணிட்டா. படம் இருக்கா?"

ஸ்டேட்டஸ் மறைவதற்குள் அன்றைக்கே என் போனில் எடுத்துவைத்திருந்தேன். காட்டினேன். இரண்டு விரலால் படத்தை விரித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது காலை இன்னும் ஊணலியே" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு தேங்கா குடு."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள்: "குழம்புக்கு."

தட்டித் தட்டிப் பார்த்து, இருந்ததில் நல்லதாகக் கொடுத்தேன். போனைச் சாக்குக்கு அடியில் வைத்தேன். கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் தேங்காய்கள் உடைந்துகொண்டே இருந்தன.

"ஏ செண்பகம், அங்க ஆருன்னு பாரு–" என்றார் ஐயப்பன்.

"நான் பஸ் வருதான்னு பாக்கேன்" என்றேன்.