படுத்துப் பிடிக்கிற வேட்டை

அத்தை,

ராவிரியும் நானும் தீவுக்குக் கிளம்பிவிட்டோம். உங்களை எழுப்பாமல் போவது நேற்றைய சண்டைக்குப் பயந்து அல்ல. மதியத்துக்குமேல் கடல் முரடாகிவிடும்.

"நடக்க முடியாதவன வேட்டைக்குக் கூட்டிட்டுப் போயி, தூக்கிச் சுமக்கப் போறியா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகன் ராவிரி சொன்ன பதில்தான் என் பதிலும். "தீத்திப் பறவைக் குஞ்ச ஓடியாம்மா பிடிக்கிறோம்? குப்புறப் படுத்து, வளைக்குள்ள தோள்வரைக்கும் கைய விட்டு இழுக்கணும். அதுக்குக் கால் எதுக்கு?" இரவில் விளக்கோடு துரத்திப் பிடிக்கும் பருவம் மே மாதம்தான். அதற்குள் திரும்பிவிடுவோம்.

இன்னொன்று. தீவு உங்கள் வம்சத்துக்கு உரியது. தெரினா இருந்தவரை அவள் கணவனாக நான் போனேன். இனி ராவிரி கூப்பிட்டால்தான் நான் அங்கே இறங்க முடியும். அவனை நான் கூட்டிப் போகவில்லை. அவன்தான் என்னைக் கூட்டிப் போகிறான்.

அடுப்பில் மீன் சூப் இருக்கிறது. வண்டிச் சாவியைப் படகுத்துறைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். வியாழக்கிழமை ராவிரியைப் பார்க்க நர்ஸ் வந்தால் மே மாதம் வரச் சொல்லுங்கள்.

ஹோனே

பி.கு. முதல் வாளி உப்புக் குஞ்சு வழக்கம்போல் உங்களுக்கு.

தெரினாவின் மழைக்கோட்டைத் தேடாதீர்கள், ராவிரி போட்டிருக்கிறான். கோட்டின் வலது கையில் போன வருடத்து வளை மண் அப்படியே இருக்கிறது. துவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மச்சான். அக்கா நிறுத்தின வளையில இருந்து ஆரம்பிக்கலாம்" என்றான்.