தொலைபேசிக் கடையில் தங்கிப்போன நிழல்

சாந்தா ரீத்தா,
மார்ச், 1992.

அன்புள்ள ஒடிலியாவுக்கு உன் மாமா குமெர்சிந்தோ எழுதிக்கொள்வது. நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னேன், முதலில் இதைத் தெரிந்துகொள், மற்றதெல்லாம் அப்புறம். இங்கே கன்னி மரியாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் அப்பாவும் (ஆமாம், உன் அப்பாவும்தான், இன்னொரு தடவை படித்துக்கொள்) கோவேறு கழுதையும் வான்கோழிகளும் சுகமாக இருக்கிறோம். அந்தச் சிகாகோ குளிரில் நீயும் மார்பில் கம்பளி சுற்றிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுற்றவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து மேலே படி.

உன் கடிதம் சந்தை அன்று வந்து சேர்ந்தது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டாராமே, சலவைக்கூட வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. வந்தால் திரும்பிப் போக அந்த எல்லைப் பாலைவனத்தை மறுபடி ஒளிந்து நடந்து தாண்ட வேண்டும். நீ ஒரு தடவை தாண்டினதற்கே உன் அம்மா ஏற்றின மெழுகுவத்தியில் கோயில் சுவர் கறுத்துவிட்டது என்று பாதிரியார் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். அதனால் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், படித்துவிட்டு நிம்மதியாக இரு. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காப்பிக் கொட்டையில் கல் பொறுக்கிக்கொண்டே, 'நான் சொல்றதை மட்டும் எழுதுடா, உன் சரக்கைச் சேர்க்காதே' என்கிறாள். நாலாம் வகுப்பு வரை படித்தவன் நான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று வாத்தியார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா.

காப்பி பறிப்பு மும்முரமாக இருந்தபோதுதான் ஆரம்பித்தது. பறிக்கப் போன உன் அப்பா பாதிக் கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். சோள ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்திருப்பார், கோழி வந்து கொத்திக்கொண்டு போகும், விரட்டக்கூட மாட்டார். கோழியை விரட்டாத அபுந்தியோவை நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், இது பயம் பிடித்த ஆள், பயந்த இடத்திலேயே நிழல் நின்றுவிட்டது, வெறும் உடம்புதான் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று. 'நீ சொன்னது பல்வலின்னு' என்கிறாள் உன் அம்மா. முதலில் பல்வலி என்றேன், வாஸ்தவம். இரண்டாவதாகச் சொன்னது இதுதான்.

சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடமும் கூட்டிப் போனோம், காட்டவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. தங்கமான பெண். ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இல்லை, காமாலை இல்லை, ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தாள். மனசில் என்னவோ வைத்திருக்கிறார், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று என்னைத் தனியே கூப்பிட்டு யோசனை கேட்டாள். (கூப்பிட்டது உன் அம்மாவை. நானும் நின்றேன்.) மாத்திரையைச் சாப்பிடட்டும், உங்கள் வைத்தியக்காரியிடமும் காட்டுங்கள், அவளிடமாவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்றாள்.

மேட்டுத்தெரு தோமித்திலாவை உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் பச்சை மாங்காயைத் தின்றுவிட்டு நீ சுருண்டு கிடந்தபோது முதுகுத்தோலைச் சுண்டி இழுத்துச் சரி பண்ணினாளே, அவள்தான். இன்னும் அதே வாய், அதே சுருட்டு. அருவதாத் தழை, ரோஸ்மேரி, பிருல் மரக் கிளை மூன்றையும் சேர்த்துக் கட்டி, தலையிலிருந்து கால்வரை உன் அப்பாவை அடித்து இறக்கினாள். கரும்புச் சாராயத்தை வாய் நிறைய வைத்து முகத்தில் ஊதினாள். 'நல்ல சரக்கைத் துப்பி வீணாக்கறியே தாயே, எனக்குப் பயம் பிடிச்சா உள்ளுக்குக் குடு' என்றேன் நான். 'உனக்கா? உன்னைப் பார்த்தா பயமே பயந்து ஓடும்' என்றாள் அவள். வீடே சிரித்தது, உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் உன் அம்மா சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அன்றைக்கு இட்ட முட்டையை எடுத்து உடம்பெல்லாம் உருட்டி, தண்ணீர்க் கிளாசில் உடைத்து ஊற்றினாள் தோமித்திலா. வெள்ளைக் கரு நூல் நூலாக மேலே எழும்பியது. எனக்கு அதில் கம்பமும் கம்பியும் தெளிவாகத் தெரிந்தன. உன் அம்மாவுக்கு முட்டைதான் தெரிந்ததாம்.

இந்த வைத்தியத்தில் பயந்த இடம் தெரிந்தாக வேண்டும், அங்கே போய்த்தான் நிழலைக் கூப்பிட முடியும். எங்கே பயந்தே என்று கேட்டாள். உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆற்றில் கழுதை வழுக்கியது, அங்கேதான் என்றார். சரி என்று அவரையும் நடத்திக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கரையில் விரித்து, கிளையால் தரையை அடித்து, 'அபுந்தியோ, எழுந்து வா, இங்கே தங்காதே, வீட்டுக்குப் போகலாம்' என்று தோமித்திலா கூப்பிட்டாள். நான் கூப்பிட்டதில் எதிர்மலையில் ஆடு மேய்த்தவன் எழுந்து வந்தான். சட்டையைச் சுருட்டித் தூக்கிப் பார்த்தாள் தோமித்திலா, முகம் கோணிக்கொண்டது. 'நிழல் ஏறினா துணி கனக்கும். இது காத்தாட்டம் இருக்கு. இங்கே ஒண்ணும் இல்லை. இந்த ஆள் பொய் சொல்றார்' என்றாள். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்து, 'நான் பொய் சொல்றவனா?' என்றார். 'சொல்லிப் பழக்கமில்லை, அதான் மாட்டிக்கிட்டே. இதோ உன் மச்சான் நிக்கிறானே, அவன்கிட்ட கத்துக்கோ' என்றாள். நான் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

திரும்பி வரும்போது எர்லிந்தாவின் தொலைபேசிக் கடையைத் தாண்டினோம். கடை வாசல் கம்பத்தில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கி, யாருக்கோ அழைப்பு வந்திருக்கிறது என்று சொல்லக் கரகரவென்று தொண்டையைச் செருமிற்று. அவ்வளவுதான். உன் அப்பா நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோமித்திலா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் பார்த்த பார்வையில்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது என்பது என் கணக்கு. உன் அம்மா அவர் பக்கத்தில் புழுதியிலேயே உட்கார்ந்து, 'என்னய்யா பண்ணிச்சு இந்தக் கடை உன்னை, இப்பச் சொல்றியா, இல்லை நானும் இங்கேயே படுத்துக்கட்டுமா' என்று கேட்டாள். அப்புறம்தான் சொன்னார்.

பறிப்புக் காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் அந்தப் பக்கம் வரும்போது ஒலிபெருக்கி, 'அபுந்தியோ வீட்டுக்காரங்க ஓடி வாங்க, வடக்கேருந்து அழைப்பு, ஆஸ்பத்திரியிலேருந்து' என்று கூவியிருக்கிறது. நீ கிளம்பின அன்று, வாசலைத் தாண்டினால் எனக்கு மகளே இல்லை என்று சொன்ன மனிதர், உன் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட மனிதர், தலையில் இருந்த காப்பி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ரிசீவரை எடுத்தால் யாரோ ஒரு பெண், உங்கள் பிள்ளை எங்களிடம் இருக்கிறது என்கிறாள், கம்பி அறுந்துவிடுகிறது. மறுபடி மணி அடிக்கும்வரை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். அதற்குள் இதே பேர்க்காரனான பள்ளத்தெரு அபுந்தியோவின் பெண்சாதி மூச்சு வாங்க ஓடி வந்ததில், அழைப்பு அவள் மகனைப் பற்றியது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பையன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தான், இப்போது ஊன்றுகோலோடு சுகமாக இருக்கிறானாம். உன் அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூச்சுக்கூட விடவில்லை. எப்படி விடுவார்? மகளே இல்லை என்றவர் மகளுக்காகப் பயந்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? அதற்குத்தான் ஆற்றின்மேலும் பாவப்பட்ட கழுதைமேலும் பழியைப் போட்டார்.

தோமித்திலா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அந்தச் சட்டையைத் தொலைபேசிப் பெட்டிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் விரித்துவிட்டாள். எர்லிந்தா, 'ஐயோ, கடையில வாடிக்கைக்காரங்க இருக்காங்க, இப்பப் போய்ச் சாம்பிராணி போடாதே' என்று கத்தினாள். 'உன் கடைதான் இவர் நிழலைப் பிடிச்சு வெச்சிருக்கு, அதுக்கு நாங்க வாடகை கேட்டா உனக்கு வலிக்கும்' என்றாள் இவள். ஒரு பெண் தொலைபேசியில் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாள், பேச்சை நிறுத்தாமலே காலை மட்டும் தூக்கி வழிவிட்டாள். கிளையால் தரையை அடித்தோம், கூப்பிட்டோம். கடைசியில் உன் அம்மா குனிந்து, 'வாய்யா, அவ நல்லாத்தான் இருக்கா, வா போகலாம்' என்று மெதுவாகச் சொன்னாள். தோமித்திலா சட்டையைச் சுருட்டித் தூக்கினாள். எப்படிக் கனத்தது என்கிறாய்! இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. (உன் அம்மா ஒரு கையில் கொண்டு வந்தாள். ஆனால் கனம்தான் என்கிறாள்.)

அங்கிருந்து வீடு போய்ச் சேரும்வரை யாரோடும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, இல்லாவிட்டால் நிழல் இறங்கி ஓடிவிடும். அந்தத் தெரு முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை ஒடிலியா, இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வை. ஊர் மொத்தமும் அன்றைக்குப் பார்த்து வாசலில் நின்றது. முடிவெட்டுகிற செவெரோ, 'என்ன குமெர்சிந்தோ, வாயில தமால் கொழுக்கட்டையை அடைச்சு வெச்சிருக்கியா?' என்று கேட்டான். பதில் நாக்கு நுனி வரை வந்து துடித்தது, விழுங்கினேன். அந்தப் பதில் இன்னும் வயிற்றில் கிடந்து புரளுகிறது. வீட்டில் அந்தச் சட்டையை உன் அப்பாவுக்குப் போட்டு, போர்த்திப் படுக்கவைத்து, சீமைச்சாமந்திக் கஷாயம் கொடுத்தோம். விடிகிறவரை குறட்டை. மறுநாள் எழுந்தவர் கறுப்பு அவரையும் மிளகாயும் கேட்டார். தின்று முடிப்பதற்குள் ஒரு கோழி கிட்டே வந்தது. அடித்து விரட்டினார் பார், உன் அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

இப்போது தோட்டத்துக்குப் போகிறார், என்னோடு சண்டை போடுகிறார், எல்லாம் பழையபடி. ஒன்றே ஒன்று பாக்கி. தினம் சாயங்காலம் தீப்பெட்டி வாங்குகிறேன் என்று எர்லிந்தா கடைக்குப் போய் நிற்கிறார், வீட்டில் தீப்பெட்டி வைக்க இடமில்லை. தோமித்திலாவைக் கேட்டதில், நிழல் வந்துவிட்டது, ஆனால் அதன் இடது கால் இன்னும் அந்தக் கடைக்குள்ளேயே மாட்டியிருக்கிறது, மகள் அதே தொலைபேசியில் கூப்பிட்டு 'அப்பா' என்று மூன்று தடவை சொன்னால்தான் அது விடுபடும் என்று சொல்லிவிட்டாள். வேறு மருந்து கிடையாதாம். அதனால் குருத்து ஞாயிறு அன்று மதியம் பூசை முடிந்ததும் எர்லிந்தா கடைக்குக் கூப்பிடு. அவரிடமும் சொல்லிவிட்டோம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அப்புறம், 'வைத்தியக்காரி சொன்னா செஞ்சுதானே ஆகணும், என்ன பண்றது' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மதியம் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. சிவப்பு வான்கோழி அடைகாக்கிறது. உன் சிநேகிதி எலூதியாவுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம், மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்க உன் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், உப்புப் பார்க்க என்னை. உலர்ந்த சீமைச்சாமந்தியும் கொஞ்சம் அருவதாவும் இதோடு பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். அருவதாவைக் குடிக்காதே, தலைமாட்டில் மட்டும் வை. ஈரத் தலையோடு காற்றில் வெளியே போகாதே. சலவை இயந்திரத்துச் சூட்டில் நின்றுவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே, முகம் கோணிக்கொள்ளும்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பமும் கம்பியும் வந்தபோது சும்மா இருந்தாள், ஆடு மேய்த்தவன் வந்தபோதும் சும்மாதான் இருந்தாள். இடது கால் வந்ததும் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். 'தோமித்திலா எப்படா அப்படிச் சொன்னா? புள்ளைகிட்ட மருந்து பேரைச் சொல்லிப் பொய் சொல்லாதே, எழுது உண்மையை' என்கிறாள். நகர மாட்டேன் என்று பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சரி, எழுதுகிறேன். தோமித்திலா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நிழல் முழுசாக வந்துவிட்டது, இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்றுதான் சொன்னாள். இடது காலும் மூன்று தடவையும் என் கற்பனை. உன் அப்பாவிடமும் நானாகத்தான் அவள் பேரைப் போட்டுச் சொன்னேன். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை, உன் அம்மாவும் சொல்ல வேண்டாம் என்கிறாள்.

கடவுளும் நம் ஊர்ப் புனிதை சாந்தா ரீத்தாவும் உனக்குத் துணையாக இருக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டுக்கொள், உன் அம்மா இங்கிருந்தே போடுகிறாள். குருத்து ஞாயிறு, மதியம். முந்தின நாள் முடி வெட்ட வேண்டும் என்று உன் அப்பா செவெரோவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். இது நான் சேர்த்தது இல்லை, உன் அம்மா தலையாட்டுகிறாள்.

உன் மேல் உயிரான மாமா,
குமெர்சிந்தோ