ஒரு சொல்லின் தொனி

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இன்று காலை பல்கலைக்கழக நூலகத்தில் அதில் ஒரு பிழையைக் கண்டேன்.

சீனத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தொனி உண்டு; குரல் ஒரே மட்டத்தில் நின்றால் சமம், ஏறினாலோ இறங்கினாலோ சாய்வு. இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கும் புதுப் பாணி, சீனக் கவிதையில் ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது என்பார்கள். முப்பது வருடம் முந்திய ஈரடி ஒன்றிலேயே அது இருக்கிறது என்பது என் வாதம். பழைய ஓசை அகராதியைப் பார்த்தால், நான் சமம் என்று குறித்த சொல் சாய்வு. வாதமே விழுந்துவிட்டது.

கணவருக்கு போன் எடுத்தேன்.

"ஒரு சொல்தானே, விடும். ஆர் பார்க்கப் போகினம்? விசாவும் முடியப் போகுது."

"நான் பார்த்திட்டனே."

பேராசிரியரின் கதவைத் தட்டிச் சொன்னேன். அகராதியை அவர் இரண்டு முறை பார்த்தார். திருத்தி எழுத ஆறு மாதம் ஆகும் என்றார். விசாவை நீட்டக் கேட்டு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். கிடைக்கும் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் சாப்பாட்டை விட்டு எழும்பினார்.

"ஊரில எங்கட வீட்டுப் பக்கம் ஷெல் குண்டு விழுகுது. திருப்பி அனுப்பினா பிள்ளையை எங்க கொண்டு போறது?"

மூன்று பாஸ்போர்ட்டையும் கடிதத்தோடு பைக்குள் வைத்தேன். நாளை காலை குடிவரவு அலுவலகம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும்.